படம் இறக்குகிறவன்

என் வேலைக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் 'இல்ல ஆயத்த அலுவலர்'. ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் 'படம் இறக்குறவர்'. இரண்டாவதுதான் சரி. செத்துப்போன ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நான் போய், ஹாலில் மாலை போட்டுச் சிவப்பு விளக்கு எரியவிட்டிருக்கும் அவருடைய படத்தை இறக்கி எடுத்து வந்துவிட வேண்டும். ஒரு ஸ்டூல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஆணி இருந்த இடத்தை மறைக்க ஒரு காலண்டர். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான் வாழ்க்கையில் இதைவிட உயரத்துக்கு ஏறியதில்லை. ஸ்டூலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'மறுவரவு' நிறுவனத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இறந்தவரின் குரல், வீடியோ, குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த ஆளையே செய்து பெட்டியில் அனுப்பிவைப்பார்கள். நடப்பார், சிரிப்பார், காபியில் சர்க்கரை குறைவு என்பார். காபியை மட்டும் குடிக்க மாட்டார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும், தான் இறந்தது தவிர. அந்த ஒன்றைத் தெரியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையின் சாரம்.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? கரூர் பைபாஸ் பக்கம் ஒரு வீட்டில் ஹால் படத்தை இறக்கினேன், பூஜை அறையில் இன்னொன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. தன் படத்தையும் மாலையையும் சிறிது நேரம் பார்த்தாராம். "எதுக்கு வீணா கரண்டு" என்று விளக்கை அணைத்தாராம். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவி இரண்டாவது தடவையும் விதவையானார். மன்னிப்புக் கேட்கப் போன என்னை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினார். திட்டியிருக்கலாம்.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார் விண்ணப்பிக்கிறாரோ அவருடைய இப்போதைய முகத்தை மட்டும் வருகிறவருக்குள் ஏற்றி அனுப்புவார்கள். அதனால் மனைவிக்கு நரைத்திருப்பது அவருக்கு உறுத்தாது. மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. தில்லை நகரில் ஒருவர், வெளிநாட்டிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்த சொந்த மகனைப் பார்த்து, "வாங்க மச்சான், தனியாவா வந்தீங்க?" என்று மைத்துனராக்கிவிட்டார். நினைவில் எந்த முகம் பக்கத்தில் வருகிறதோ, அதுதான் அவர்களுக்கு நாம்.

உயிரோடு இருப்பவரைச் செய்யக் கூடாது என்பது சட்டம். அதற்கு அத்தாட்சி? காகிதத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தர ஆள் இருக்கிறார்கள். எங்கள் முதலாளி கெட்டிக்காரர். ஹாலில் மாலை போட்ட படம் தொங்குகிறதா, அது போதும் என்று சொல்லிவிட்டார். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட நம் ஊரில் யாருக்கும் கை வராது. மாமியாரைச் சபிக்காத நாளில்லாத மருமகள்கூட அவர் படத்துக்கு முன்கூட்டியே ஒரு மாலை போட்டு அழகு பார்க்க மாட்டாள். ஆகவே படத்தைப் பார்ப்பவனும் நான், 'ஆள் இல்லை' என்று உறுதி செய்பவனும் நான்.

அன்று காலை வயலூர் ரோட்டில் ஓர் அடுக்ககம், இரண்டாவது மாடி. யார் வீடு, யார் வருகிறார் என்பதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் நான் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போய் நிற்கிறேன் என்று புகார் வந்ததிலிருந்து கதவு எண் மட்டும்தான்.

மணியை அழுத்தினேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் குரல்: "கதவு திறந்துதான் இருக்கு. படம் ஹால்லயே இருக்கு, எடுத்துக்கங்க. இதோ வந்துட்டேன்!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இருதய ஆண்டவர் படம், அதற்குப் பக்கத்தில் நான் இறக்க வேண்டிய படம். சந்தனச் சீவல் மாலை. அதில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. புதிதாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆனாலும் ஸ்டூலில் ஏறினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பேன். திரும்பி வர இஷ்டமா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் அல்லவா? என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

"மன்னிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

நான்.

என்னைப் போல ஒருவர் இல்லை. நானேதான். அத்தை பெண் கல்யாணத்துக்கு எடுத்த கோடு போட்ட நீலச் சட்டை, சிரிக்கும்போது ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும் உதடு, கண்ணை மறைக்கும் அளவுக்கு முடி. இருபத்தேழு வயது. கீழே சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டூல் ஆடியது. பிறகுதான் தெரிந்தது, ஆடியது ஸ்டூல் இல்லை.

நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். எப்போதோ செத்துவிட்டேன், யாரோ என்னையும் செய்து அனுப்பிவிட்டார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவனுக்கு அது வீண் பயம் இல்லை. எங்கள் தயாரிப்புகளுக்கு இடது காதின் பின்னால் கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். கையை விட்டுத் துழாவினேன். ஒரு கொசுக்கடி. சொறிந்தேன். ரத்தம் வந்தது. கொசுக்கடிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்தபோது குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். ஸ்டூலின் மேல், கையில் மாலை போட்ட படத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னை.

"என்ன இது? இருபத்தேழு வயசுன்னுதானே சொன்னேன்!"

"பிலோ?" என்றேன்.

அவள் மேசையிலிருந்து போனை எடுத்தாள். "மத்தியானம்தான் வரும்னாங்க. சீக்கிரமாவும் அனுப்பிட்டு, வயசையும் தப்பாப் போட்டு... தொப்பை வேற! நான் எங்க தொப்பை கேட்டேன்?"

"பிலோ, நான்தான். கிள்ளி."

"அது தெரியுது. கிள்ளியைத்தான் கேட்டேன். இவ்ளோ பழசாக் கேக்கலை."

என் முழுப்பெயர் நெடுங்கிள்ளி. உறையூரில் தமிழாசிரியராக இருந்த அப்பா, உறையூரில் ஆண்ட சோழனின் பெயரை எனக்கு வைத்தார். உயரம் ஐந்தடி மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியாது. பிலோமினாவும் நானும் மூன்று வருடம் காதலித்தோம். அவள் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் கை பழகுவதற்குத் தாங்களே நோயாளி பிடித்துவர வேண்டும். நான்தான் அவளுடைய நிரந்தர நோயாளி. காதலித்த காலத்தில் பாதி நேரம் வாயைத் திறந்தபடியேதான் இருந்திருக்கிறேன்.

"நான் பொருள் இல்ல பிலோ. படம் இறக்க வந்த ஆள். அந்தக் கம்பெனியில வேலை பாக்குறேன். உயிரோட இருக்கேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்தாள். "கீழ இறங்கு. வாயைத் திற."

இருபத்தெட்டு வருடம் கழித்துச் சந்திக்கிற பெண் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. திறந்தேன். போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப்பல்லை நகத்தால் தட்டினாள். முகம் வெளுத்துப்போனது.

"இவ்ளோ கேவலமா ஃபில்லிங் என்னைத் தவிர யாரும் போட முடியாது" என்று மெதுவாகச் சொல்லி, அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "கடவுளே. நீ மஸ்கட்லதானே இருக்கே?"

"வந்து ரொம்ப வருஷமாச்சு. நான் செத்துட்டேன்னு யாராச்சும் உங்கிட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீ உயிரோட இருக்கேன்னு நல்லாத் தெரியும்."

நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இருந்தது என் அதிர்ஷ்டம்.

"தெரிஞ்சுதான் மாலை போட்டியா?"

"போடும்போது கை வரலைடா. மூணு தடவை கீழ விழுந்துச்சு." நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யா செத்துப்போனா ஆயுசு கெட்டிம்பாங்க இல்ல? அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்."

"ரொம்ப நன்றி. ஒரு சஷ்டியப்த பூர்த்தியும் பண்ணி வச்சிரு."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கையில் இருந்த படத்தில் இருந்தவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

"ஆச்சு. நல்ல மனுஷன். போயிட்டாரு. பொண்ணு பெங்களூர்ல இருக்கா, அவர் படம் அங்கதான். உனக்கு?"

"ஆச்சு. ஆறு வருஷம். அவங்களும் நல்ல மனுஷிதான். என் ஜோக்கை இதுக்கு மேல தாங்க முடியாதுன்னு ஓசூர் போயிட்டாங்க." பிறகு கேட்டேவிட்டேன். "பிலோ, செய்யறதுன்னா உன் வீட்டுக்காரரைத்தானே செய்யணும்?"

"அவர் முழுசா வாழ்ந்துட்டுப் போனாருடா. எதையும் பாக்கி வைக்கலை. அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? பாதியில நிக்கிறது நீதான்."

"நான் எங்க நிக்கிறேன்? இதோ உக்காந்திருக்கேன். உனக்கு நான் வேணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே. பெட்டி, மாலை, விளக்கு எதுவும் வேண்டாம். ஆட்டோ பிடிச்சு வந்திருப்பேன்."

இந்த வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். காது சூடாகிவிட்டது. கொசுக்கடியும் சேர்ந்து எரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பார்வையில் அன்பு இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நீ இருக்கே கிள்ளி. அவன் போயிட்டான்."

அவன் யார் என்று நான் கேட்கவில்லை.

எந்தத் தேதியோடு அவனுடைய நினைவை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். அது விண்ணப்பிப்பவரின் விருப்பம். பெரும்பாலும் நோய் வருவதற்கு முந்தைய நாளைச் சொல்வார்கள்.

"அந்த வாரம்" என்றாள்.

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படும்.

என் அப்பா வீட்டிலும் ஏட்டுத் தமிழ்தான் பேசுவார். சாம்பாரில் உப்புக் குறைந்தால், "உப்பு சற்றே குறைவாக உள்ளது" என்பார். அவரைப் போலப் பேசிக் குரல்பதிவு அனுப்பி பிலோவைச் சிரிக்கவைப்பது எனக்கு அன்றாடக் கடமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்துப்போய் அப்பா முன்னால் நிறுத்தினேன். மதம் வேறு, சாதி வேறு, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "சிந்தித்துச் சொல்கிறேன்" என்றார்.

மறுப்பு இல்லையே! அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. தினமும் சாயங்காலம் காவிரிப் பாலத்தில் நின்றுகொண்டு, எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது, தேவாலயத்தில் முதலிலா பதிவு அலுவலகத்தில் முதலிலா என்றெல்லாம் பேசினோம். சனிக்கிழமை காலை அப்பா கீரை வாங்கப் போனார். கடை வாசலிலேயே சரிந்தார். பதிலைச் சொல்லாமலே போய்விட்டார்.

உறவுக்காரர்கள் பதிலை எழுதிக்கொண்டார்கள். "அந்தப் பொண்ணு வாசப்படி ஏறுனா, இவரு இறங்கிட்டாரு." அது பிலோவின் காதுக்குப் போயிற்று. "செத்தாவது வேண்டாம்னு சொன்ன மனுஷரோட வீட்டுக்குள்ள நான் வரமாட்டேன்" என்றாள். நான் அழுதேன், அவள் வீட்டு வாசலில் நின்றேன், அவளுடைய பேராசிரியரிடம்கூடத் தூது போனேன். அவள் அசையவில்லை. பிறகுதான் மஸ்கட்.

"எனக்கு அந்த வாரத்தில சனிக்கிழமை மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றேன்.

"எனக்கு மீதி நாளெல்லாம் ஞாபகம் இருக்கு. அவ்ளோ சந்தோஷமா அதுக்கு முன்னாடியும் இருந்ததில்ல, பின்னாடியும் இல்ல. நீ அனுப்புனது எல்லாம் வச்சிருந்தேன் கிள்ளி. எல்லாத்தையும் குடுத்தேன்."

"சரி. அவன் வருவான். வந்ததும் என்ன கேப்பான் தெரியுமா?"

"தெரியும்."

"'அப்பா என்ன சொன்னார்'னு கேப்பான். நீ என்ன சொல்லுவே?"

"ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லச் சொன்னாங்க உங்க ஆளுங்க."

"நாளைக்கு?"

"ஊருக்குப் போயிருக்கார்."

"அடுத்த வருஷம்?"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பயலை ஆயுசு பூரா அந்த ஒரு வாரத்திலயே பூட்டி வைக்கப் போறே. நானாவது சனிக்கிழமையைத் தாண்டி வந்தேன், தலைமுடியைத்தான் பறிகொடுத்தேன். அவன் எப்பத் தாண்டுவான்? உன் சந்தோஷத்துக்கு அவன் காத்துக்கிட்டே இருக்கணுமா?"

எனக்கே ஆச்சரியம். என்னை மாலை போட்டுக் கொன்றதற்கு வராத கோபம் அவனுக்காக வந்தது. இத்தனை வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறேன். ஒரு வீட்டிலாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேனா? "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு ஆணியைப் பிடுங்கினேன்.

பிலோ எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். ஈரத்தலை, நைட்டிக்கு மேல் துப்பட்டா. ஐம்பதைத் தாண்டிய ஒரு பல் டாக்டர். ஆனால் நின்ற விதம் அன்றைக்கு அப்பா முன்னால் நின்ற விதம்.

"உன்னைக் கேக்காம செஞ்சது தப்பு. செத்தவங்க யாரையும் கேக்க முடியாது. உன்னைக் கேக்கலாம். இப்பக் கேக்கறேன். அவன் வரட்டுமா?"

மாலை போட்ட படத்தில் இருப்பவர்களில், கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். உலகத்துக்கே முக்கியமான பதில் அது. எனக்கு முக்கியமான தருணங்களில் வருவது ஒன்றே ஒன்றுதான், ஜோக்.

தொண்டையைக் கனைத்தேன். "சிந்தித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அப்பாவின் குரல் அச்சாக வந்துவிட்டது. இளவயதில் பாவனையாக வந்தது. இப்போது பாவனையே தேவைப்படவில்லை. பிலோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்ததை அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அந்தச் சனிக்கிழமை. என் நாக்கை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

வாசலில் தஸ்தகீர் பாய். எங்கள் வண்டிக்காரர். பின்னால் லிஃப்ட்டில் சாய்த்து வைத்த பெட்டி.

"கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன் சார். பாலக்கரைப் பக்கம் டிராஃபிக்கே இல்ல. வீடு ஆயத்தமா?"

விதி இதுதான். படம் இறக்கப்பட்டு, வந்தவர் எழுந்து, எல்லாம் சரியாக இருந்தால் நான் போனில் விரலை வைப்பேன். வைத்தால் ஒப்படைப்பு முடிந்தது. வைக்காவிட்டால் பெட்டி திரும்பிப் போகும். போனதைக் கலைத்துவிடுவார்கள்.

"உள்ள கொண்டாங்க பாய்" என்றேன். சம்மதத்தால் அல்ல. தன்னைத் தானே ஒரு தடவை பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

பெட்டியைத் திறந்து இரண்டு பேருமாக அவனைச் சோபாவில் உட்காரவைத்தோம். பாய் அவன் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இவரு உங்களுக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

"எவ்ளோ தூரம்?"

"இருபத்தெட்டு வருஷம்."

பாய் தலையைச் சொறிந்துகொண்டு, கீழே வண்டியில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றேன். அவன் காதின் பின்னால் பிலோ கட்டைவிரலை வைக்கும் சத்தம், ஒரு சின்ன சொடுக்கு, கேட்டது.

"பிலோ." என் குரல். இவ்வளவு மெல்லிசாகவா இருந்தது! "தூங்கிட்டனா? அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"இன்னும்... ஊர்லேருந்து வரலை."

"வரட்டும், வரட்டும். சிந்திக்கறார். நேத்து ஒண்ணு யோசிச்சேன், கேளு. புள்ள பொறந்தா உங்க வீட்டுக்கு ஒரு செபஸ்தியார் வேணும். எங்கப்பாவுக்கு ஒரு சேர மன்னன் வேணும். செபஸ்தியார் நெடுஞ்சேரலாதன்! ஸ்கூல்ல வருகைப் பதிவு எடுக்கறதுக்குள்ள முதல் பீரியட் முடிஞ்சிரும்."

அந்த ஜோக்கை நான் மறந்தே போயிருந்தேன். பிலோ சிரித்தாள். பாத்திரம் உருண்ட மாதிரி, அடக்க முடியாத அந்தப் பழைய சிரிப்பு. நான் வந்ததிலிருந்து எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், அந்தச் சிரிப்பு வரவில்லை. என்னைவிட அவன் நன்றாக ஜோக் சொல்கிறான் என்பதில்லை. அவனிடம் பயம் இல்லை.

சிரிப்பு அடங்கியது. "பிலோ, அப்பா என்ன சொல்வார்னு நினைக்கறே?"

"சொல்வார்டா."

"மூஞ்சில கோபம் தெரிஞ்சுதா அன்னைக்கு? நீ பாத்தே இல்ல?"

"இல்லடா."

மீண்டும் ஏதோ பேசினான், சிரித்தார்கள். மீண்டும், "அப்பா எப்ப வர்றாராம்?" சிரிப்பு எந்த வழியாகப் போனாலும் அந்தக் கேள்வியில் வந்து முட்டியது. ஒவ்வொரு தடவையும் அவள் பதில் சின்னதாகிக்கொண்டே போனது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். விரலை வைக்காமல் இருந்தால் போதும். பெட்டி போய்விடும். அவனுக்கு வலிக்காது என்றுதான் சொல்கிறார்கள். அதையும் அவனைக் கேட்டுச் சொல்லவில்லை.

"உன் தொண்டை கட்டியிருக்கு. இரு, தண்ணி கொண்டாறேன்" என்ற குரல் நெருங்கியது. "வேண்டாம் கிள்ளி, நான்..." என்று பிலோ ஓடிவருவதற்குள் அவன் சமையலறை வாசலில் நின்றான்.

நீலச் சட்டை. முடி. என் எதிரில் நான்.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். நெற்றி, கண்ணாடி, தொப்பை என்று வரிசையாகப் பார்த்தான். நினைவுக்குள் தேடினான். பக்கத்தில் வந்த முகத்தை எடுத்துக்கொண்டான்.

"அப்பா!"

பின்னால் பிலோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பப்பா வந்தீங்க? இங்க... பிலோ வீட்டுக்கா வந்தீங்க?" வியர்க்க முடியாதவன் வியர்த்தது போலச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "கையில என்னப்பா படம்?"

படத்தின் முகம் என் நெஞ்சில் இருந்தது. மாலையின் நுனி வெளியே தொங்கியது. உள்ளங்கையால் மறைத்தேன்.

"உன் பாட்டனார் படம்" என்றேன். "கண்ணாடி மாற்ற வேண்டியுள்ளது."

தலையாட்டினான். பிறகு, நான் அன்றைக்குச் செய்தது போலவே, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

"அப்பா. சிந்திச்சீங்களா?"

அவன் கேட்டது என்னை அல்ல. எந்த நாளும் பதில் சொல்ல முடியாதவரை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருடமாகத் தலைக்குள் அவரை உட்காரவைத்து ஒவ்வொரு விதமாகவும் சொல்லவைத்துப் பார்த்தாயிற்று. செத்தவர் வாயில் உறவுக்காரர்கள் போட்ட வார்த்தைதான் எங்களைப் பிரித்தது. இப்போது என் வாய் அவருடையது.

தொண்டையைக் கனைத்தேன்.

"சிந்தித்தேன்."

மூன்று பேருமே மூச்சுவிடவில்லை. அவனுக்கு மூச்சு கிடையாது. ஆனாலும் விடவில்லை.

"மருமகளுக்குத் தமிழ் நன்றாக வருமா?"

"வரும்ப்பா!" என்றான் அவன்.

"வரும்" என்றாள் பிலோ. கண்ணீர் மோவாய்க்கு வந்துவிட்டது.

"அவ்வாறாயின் எனக்குத் தடையேதும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை." நிறுத்திக்கொண்டேன். அந்தக் கடைசி வரியை யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "அழைத்து வா."

என் காலில் நான் விழுந்தேன்.

குனிந்து அவன் தலையில் கையை வைத்தேன். எவ்வளவு முடி! பிலோ நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ வருடம் வாசல்படியிலேயே நிறுத்திவைத்திருந்த ஒருத்தியை 'உள்ளே வா' என்று கூப்பிட்டால் எப்படி அழுவாளோ, அப்படி. அவன் ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டான். எனக்கு இன்னும் கால் முட்டி நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் போனில் விரலை வைத்தேன்.

ஸ்டூலை மடக்கி எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினேன். இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அவன் அவள் தோளுக்குப் பின்னால், பல் தெரியச் சிரித்தபடி. அந்தக் கடைவாய்ப்பல்லும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துருங்கப்பா" என்றான். "நீங்க வரலைன்னா நான் அங்க வந்து நிப்பேன்."

நான் பிலோவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு 'கிள்ளி' என்று சொல்லப் போனது, நின்றது. துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"போயிட்டு வாங்க, மாமா."

"வருகிறேன் அம்மா" என்றேன்.

கீழே தஸ்தகீர் பாய் வண்டிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"முடிஞ்சுதா சார்? படத்தைப் பின்னால போட்டுருவோமா?"

"வேண்டாம். என்னிடமே இருக்கட்டும்."

"மாலையோடயா?"

குனிந்து பார்த்தேன். நீலச் சட்டைப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். மாலையைக் கழற்றினேன். விலைச்சீட்டோடு அதைப் பாய் கையில் கொடுத்தேன்.

"உயிரோடு இருக்கும் பிள்ளை. மாலை எதற்கு?"

பாய் சாவியைத் திருகப் போனவர் நிறுத்தினார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னாச்சு சார் உங்களுக்கு? ஏதோ புஸ்தகத்தைப் பாத்துப் படிக்கிற மாதிரிப் பேசுறீங்க?"